ஃப்ளோரா அக்காவின் புத்தகமும் என் வரப்பும்

கீழே மெஸ்ஸில் வெங்காயம் வதங்கும் வாசனை, மேலே எங்கள் ரூமில் பசை காயும் வாசனை... இரண்டும் சேர்ந்து மூக்கில் ஏறினால்தான் எனக்கு வேலையே ஓடும். சிரிக்க வேண்டாம் மக்களே, நிஜம்.

தஞ்சாவூரில் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடி. அதுதான் அந்த நாளில் எங்கள் டிசைன் ஆபீஸ். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், உரக்கடை காலண்டர்... இதுதான் பிழைப்பு. ஒரத்தநாட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். ஊரார் நிலத்தில் கூலிவேலை பார்த்த குடும்பத்திலிருந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு. இருக்கக் கூடாதா என்ன?

அப்போதுதான் ஃப்ளோரா அக்கா வந்தார். மயிலாடுதுறைக்காரர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். துணிக் கம்பெனிகளுக்கு டிசைன் வரைந்துகொண்டிருந்தவர், வேலையை விட்டுவிட்டுத் தனக்காக வரைய ஆரம்பித்திருந்தார். அவர் படத்தில் ஆள், முகம் எதுவும் கிடையாது. முழுக்க முழுக்க பேட்டர்ன். ஆகாயத்தாமரைப் பூ, நண்டு, மடைப்பலகை, சர்ச் ஜன்னல் கண்ணாடி, சைக்கிள் செயின்... ஒன்றோடு ஒன்று பின்னிப் பின்னி, தாளில் விரல் வைக்க இடம் இருக்காது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு ஆர்ட் புக் போட வேண்டும் என்றார். ஓனர் என்னைக் கைகாட்டினார்.

அக்கா ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

"நல்லா வந்தா இங்கயே பண்ணுவோம். இல்லேன்னா மெட்ராஸ்ல குடுத்துடுவேன். கோவிச்சுக்கக் கூடாது."

எனக்குச் சுருக்கென்றது. காலண்டர் வேலையைத் தாண்டி என் பேர் போட்டு ஒரு புத்தகம் வரப்போகிற வாய்ப்பு. கையை விட்டுப் போனால் திரும்ப வராது என்று தெரியும்.

நெட்டில் பார்த்த வெளிநாட்டுப் புத்தகங்கள் மாதிரியே போட்டேன். நடுவில் சின்னதாகப் படம், சுற்றிலும் பளீரென்று வெள்ளை. பிரிண்ட் எடுத்து, மடித்து ஒட்டி, நிஜப் புத்தகம் போல ஒரு டம்மி செய்து நீட்டினேன். அக்கா புரட்டினார்... முகம் போன போக்கே சரியில்லை.

"என்னம்மா இது, இவ்வளவு தரிசு போட்டு வச்சிருக்க?"

தரிசு! டிசைன் உலகமே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் ஒயிட் ஸ்பேஸுக்கு எங்கள் டெல்டாவில் கிடைத்த பேர் அது. ஓனர் சிரித்தே விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தரிசு வேண்டாமா? இருங்கள், முப்போகமும் போட்டுத் தருகிறேன் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன். இரண்டாவது டம்மியில் ஓரம் வரை படம். எதிர்ப்பக்கமும் படம். உள் அட்டையிலும் படம். பக்க எண்ணுக்குக்கூட இடம் விடவில்லை.

அக்கா கொஞ்சம் புரட்டிவிட்டு மூடி வைத்தார்.

"எது எங்க முடியுதுன்னே புரியல கலா. வெள்ளம் வந்து எல்லா வயலும் ஒண்ணா கெடக்குற மாதிரி இருக்கு."

"அப்ப என்னதாங்க்கா வேணும் உங்களுக்கு? தரிசுன்னாலும் திட்டுறீங்க, வெள்ளாமைன்னாலும் திட்டுறீங்க!"

கத்தியே விட்டேன். கஸ்டமரிடம் கத்துகிறாளே என்று ஓனர் தலையில் கை வைத்துக்கொண்டார். அக்கா அசரவில்லை.

"எனக்கு வரையத்தான் தெரியும். புக்கு போடத் தெரிஞ்சா உன்கிட்ட ஏன் வரப்போறேன்? இன்னும் ஒரு டம்மி பாரு. அதுவும் சரியா வரலைன்னா மெட்ராஸ்தான்."

அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உம்மென்று உட்கார்ந்திருந்தேன். சம்பா நடவு முடிந்த நேரம். வயலெல்லாம் தண்ணீர்... நடுநடுவே வரப்பு. ஒரு இடத்தில் ஒல்லி, ஒரு இடத்தில் அகலம், மடை வரும் இடத்தில் ஒரு வெட்டு. ஒவ்வொரு வயலையும் தனித்தனியாகக் காட்டியது அந்த வரப்புதான். அடச்சே, இதைப் பார்த்துத்தானே வளர்ந்தேன்!

மறுநாள் மூன்றாவது டம்மியில் உட்கார்ந்தேன். படங்களை ஓரம் வரை ஓடவிட்டு, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே மட்டும் வெள்ளையாக ஒரு வரப்பு. எங்கும் ஒரே அளவு கிடையாது. நண்டு வரும் இடத்தில் வளைந்து போகும், ஜன்னல் வரும் இடத்தில் நேராகப் போகும். இந்தப் பக்கம் விட்ட இடத்திலேயே அடுத்த பக்கம் தொடங்கும். மடை மாதிரி ஒரு சின்ன வெட்டு, அதில் பக்க எண்.

அக்கா டம்மியை வாங்கிப் பிரித்தார். அந்த வெள்ளையில் விரலை வைத்து, பக்கம் பக்கமாக நடத்திக்கொண்டே போனார். கடைசிப் பக்கத்தில்தான் நிமிர்ந்தார்.

"ஏ புள்ள... இப்பத்தான் என் படத்த நானே பாக்குறேன்."

மெட்ராஸ் பேச்சு அதோடு போச்சு. எனக்குத் தரையில் கால் பாவவில்லை. மெஸ்ஸில் போய் எல்லோருக்கும் ரவா தோசை சொன்னேன்.

இப்போது சொந்த ஆபீஸ் இருக்கிறது. ஏசி, பெரிய மானிட்டர் எல்லாம் இருக்கிறது. பசை வாசனை இல்லை. டம்மியும் இல்லை. பிடிஎஃப் போகும், பதிலுக்குக் கட்டைவிரல் வரும், வேலை முடிந்தது. யாரும் என்னைத் திட்டுவதில்லை, நானும் யாரிடமும் கத்துவதில்லை. அது கொஞ்சம் குறையாகத்தான் இருக்கிறது. என்னிடம் வேலை பார்க்கும் பெண்கள் மட்டும் இன்றும் "மேடம், தரிசு ஜாஸ்தியா இருக்கா?" என்றுதான் கேட்பார்கள்.

அவார்டு கிவார்டு எல்லாம் வாங்கியாகிவிட்டது. ஆனாலும் பெருமை என்றால் எனக்கு அக்கா புத்தகம் அச்சாகி வந்ததும் அதன் முதல் பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோன நாள்தான்.

வயலிலிருந்து வந்த அப்பா கையைக் கழுவி, துண்டில் துடைத்துவிட்டுத்தான் வாங்கினார். கடைசிப் பக்கத்தில் 'வடிவமைப்பு' என்று போட்டு என் பேர். எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"படமெல்லாம் அந்தப் பொண்ணு போட்டதுன்னா, இதுல நீ போட்டது எதும்மா?"

"நடுவுல வெள்ளையா ஓடுது பாருப்பா... அது."

புத்தகத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் வெட்டியிருக்க வரப்ப. நான் வெட்டுனதெல்லாம் ஊரான் பேர்ல கெடக்கு... இது நம்ம பேர்ல இருக்கும்மா."