லயத்து வீடு மாதிரி வெட்டிய டிஸ்க்

சங்கத் தலைவரே, அந்த டிஸ்க்கைக் கெடுத்தது நீங்கள்தான்.

நான் கெடுத்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். எனக்கு அந்த வேலை முழுதாகத் தெரியாது, உண்மை. நான் ஏர்கோன் ரிப்பேர் செய்கிறவன். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்று சும்மா கிடைத்தது. தெங்கேராவில் என் வாடகை வீட்டில் டிவிக்குப் பின்னால் அதை வைத்து, செலண்டார் பக்கம் இருந்த நம் எஸ்டேட் ஆட்களின் படங்களுக்கு ஒரு வெப்சைட் நடத்தலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

டிஸ்க்கை எப்படிப் பிரிப்பது என்பதிலேயே தலை சுற்றியது. இன்டர்நெட்டில் ஒருவன் எல்லாவற்றையும் ஒரே பகுதியாகப் போடு என்கிறான். இன்னொருவன் சிஸ்டத்துக்குத் தனி, படங்களுக்குத் தனி என்கிறான். ஒன்று நிரம்பினால் மற்றது படுக்காதாம். படிக்கும்போது புரிந்தது. ஸ்க்ரீன் முன்னால் உட்கார்ந்தால் ஒன்றும் புரியவில்லை. எதற்கு எவ்வளவு என்று ஒருத்தனும் சொல்லித் தொலைக்கவில்லை.

அதனால்தான் வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து நம் எஸ்டேட் சங்கக் கூட்டத்தில் கேட்டேன். நீங்கள் யோசிக்கக்கூட இல்லை.

“எஸ்டேட் லயத்துல, வரிசையா எல்லாருக்கும் ஒரே சைஸ் வீடுதானே? அதே மாதிரி குடும்பத்துக்கு ஒண்ணா வெட்டிடு தம்பி. சண்டை வராது லா.”

எல்லாரும் தலையாட்டினார்கள். ஒரு குடும்பத்து இடத்தை அவர்கள் சம்மதம் இல்லாமல் இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்று சாமி முன்னால் என்னிடம் சத்தியமும் வாங்கினீர்கள். அப்படியே வெட்டினேன். குடும்பங்களுக்கு நிறையக் கொடுக்க, சிஸ்டத்துக்கு ஒடுக்கமாக விட்டேன்.

போன மாதம் சிம்பாங் அம்பாட்டில் குடியிருக்கும் நம் எஸ்டேட் அக்கா ஒரு வீடியோ அனுப்பினார். எஸ்டேட் கோயிலின் கடைசித் திருவிழாவில் அவர் வீட்டுக்காரர் உறுமி அடிப்பது. மனிதர் போன வருடம் இறந்துவிட்டார். முதல் திதி வருகிறது. அன்றைக்குப் பிள்ளைகள் எங்கிருந்தாலும் வெப்சைட்டைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை.

அதை ஏற்றப் பார்த்தால், இடம் இல்லை என்றது கம்ப்யூட்டர். டிஸ்க்கில் பாதிக்கு மேல் காலி. இல்லை என்கிறதே, எப்படி? ரெண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அப்புறம்தான் தெரிந்தது: அக்காவின் பெரிய குடும்பம் போட்ட படங்களில் அவர்கள் பகுதி நிரம்பியிருந்தது. அதை ஒட்டி அடுத்தது உங்களுடையது. அதில் ஒரு படம்கூட இல்லை.

அக்காவிடம் போனில் விளக்கிப் பார்த்தேன்.

“காலியா கெடக்குன்னு நீயே சொல்ற. இடமில்லன்னும் நீயே சொல்ற. தெரிஞ்சுதான் பேசுறியா தம்பி?” என்றார்.  பிறகு, “எல்லா வீட்டு ஆளும் அதுல இருக்காங்க. இவர் மட்டும் வெளியே நிக்கிறாரு,” என்றார்.

வேறு வழி தேடினேன்.  மற்றவர்கள் பகுதியைச் சுருக்கி நகர்த்தலாம் என்கிறார்கள்; அப்போது அவர்கள் படங்கள் பத்திரமா, எனக்குத் தெரியாது. முழுவதையும் அழித்து ஒரே பகுதியாக்கலாம். அதுவரை எல்லாவற்றையும் எங்கே வைப்பேன்? எனக்குத் தைரியமாகச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். உங்கள் காலிப் பகுதியை எடுத்து, பக்கத்தில் இருக்கும் அக்காவுடையதை நீட்டுவது.

சாமி முன்னால் செய்த சத்தியம் இருக்கிறதே, அதனால்தான் சம்மதம் கேட்டு உங்களுக்குப் போன் செய்தேன். பேரன் வந்து படம் போடுவான், அது அப்படியே இருக்கட்டும் என்றீர்கள். அடுத்த நாளே சங்க வாட்ஸ்அப் குரூப்பில், தம்பிக்கு வேலை தெரியவில்லை என்று எழுதினீர்கள். இடம் கேட்டதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வீடியோ என் பென்டிரைவில் இருக்கிறது. திதி நெருங்குகிறது. இனி என்னைத் தனியாகக் கூப்பிட வேண்டாம், எடுக்க மாட்டேன். எழுதின அதே குரூப்பில், அக்காவும் படிக்கிற மாதிரி எழுதுங்கள்: அந்தக் காலி இடத்தை விடுவீர்களா, மாட்டீர்களா?