காதுப் பெட்டி

எங்கள் வீட்டு ஆண்களுக்கு ஓர் ஆணி அடிக்கத் தெரியாது. புந்தோங்கில் இருக்கும் வீட்டில் சாமி படம் இரண்டு வருடம் சுவரோரம் தரையிலேயே சாய்ந்து நின்றது அதனால்தான். அப்படிப்பட்ட என் கணவர், குரலைப் பெரிதாக்கும் பெட்டி ஒன்றைத் தாமே செய்யப்போவதாகச் சொன்னபோது சிரித்தேன். என் தம்பியும் கூட்டு என்று தெரிந்தபோது இன்னும் சத்தமாகச் சிரித்தேன்.

பெட்டி எங்கள் மகளுக்காக. ஒன்பது வயதில் அவளுக்கு மலேரியா வந்தது. கொய்னா மருந்தைக் கொடுத்துக் கொடுத்துக் காய்ச்சலை விரட்டினோம். கூடவே காதும் போயிற்று. முழுச் செவிடு இல்லை. முதுகுக்குப் பின்னால் தகரத்தைத் தட்டினால் திரும்புவாள். பேச்சு மட்டும் எட்டாது. இரண்டு வருடத்தில் நாங்கள் எல்லோரும் அவள் முன்னால் எதை வேண்டுமானாலும் பேசப் பழகிவிட்டோம்.

கணவருக்கு லகாட்டில் ஈயச் சுரங்க ஆபீசில் வேலை. அங்கே கழித்துப்போட்ட டெலிபோனிலிருந்து வாய் வைத்துப் பேசும் மூடியைக் கேட்டு வாங்கி வந்தார். அதில் விழும் குரலை ஒரு ரேடியோ வால்வு பெரிதாக்கிக் காதில் மாட்டும் கருவிக்கு அனுப்பும், இவ்வளவுதான் சங்கதி. செய்முறை சீமையிலிருந்து வரும் ரேடியோ பத்திரிகையில் இருந்தது. அவருடைய இங்கிலீஷ் ஆபீஸ் கடிதத்தோடு நின்றுவிடும். பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை இங்கிலீஷ் படித்தவள் நான் என்பதால் வாசித்துச் சொல்லும் வேலை எனக்கு. சராசரி புத்தியுள்ள எவரும் ஒரே மாலையில் செய்துவிடலாம் என்று எழுதியிருந்தான் ஒரு மகாராசன். அவன் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. இங்கே நாலு மாதம் ஆயிற்று.

தம்பி கோலா கங்சார் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. அவனுக்கு எல்லா நோய்க்கும் ரப்பர்தான் மருந்து. கம்பி இணைப்புகளுக்கு மெழுகு பூச வேண்டும் என்று நான் வாசித்ததற்கு அடுத்த வாரம், ஒரு போத்தல் ரப்பர் பாலோடு வந்து நின்றான்.

"ஒலகத்துக்கே ரப்பர் நம்மகிட்டேருந்து போவுது. நாம போயி மெழுகு தேடணுமா மச்சான்?"

"ஒங்கக்கா மெழுகுன்னுதானே படிச்சா?"

"அக்கா படிச்சது வெள்ளக்காரன் ஊருக்குலா. அவன் ஊர்ல பால் மரம் ஏது?"

இருவரும் கோழி இறகால் இணைப்பெல்லாம் பாலைத் தடவினார்கள். வீடு முழுக்க மூத்திர நாற்றம். பால் உறையாமல் இருக்கத் தோட்டத்தில் அதில் அமோனியா கலந்திருந்தார்கள். கிராணிக்கு அது தெரியும். செம்புக் கம்பிக்கு அது ஆகாது என்பது தெரியாது. ஒரு வாரத்தில் கம்பி பச்சை பூத்து, தொட்ட இடத்தில் ஒடிந்தது. மகள் கருவியை மாட்டிப் பார்த்து, "ஒண்ணும் கேக்கல!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். தன் சத்தம் தனக்குத் தெரியாததால் அவள் பேச்சே அப்படித்தான்.

"ரெண்டு பேருமா சேந்து கம்பிக்கும் காய்ச்சல் வர வச்சிட்டீங்க" என்றேன்.

மறுபடியும் புதுக் கம்பி, புது ஈயப்பற்று. இந்தத் தடவை மெழுகு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூடியை மேசைமேல் நிறுத்தி, மகளுக்குக் கருவியை மாட்டிவிட்டு, கணவர் "ஆ, ஊ" என்று கத்தினார். அவள் முகத்தில் அசைவே இல்லை. பேட்டரிக் கம்பி தளர்ந்திருப்பதாகச் சொல்லி அதை முறுக்கினார். கையில் பட்ட பேட்டரித் தண்ணீரைக் கழுவப் பின்பக்கம் போனார்.

நான் மேசைமேல் கிடந்த துண்டுக் கம்பிகளைப் பொறுக்கிக்கொண்டே தம்பியிடம் சொன்னேன்: "பொட்டி செஞ்சா காது வந்துருமா? நாளைக்கு இவள எவன் கட்டுவான்? அந்தக் காய்ச்சலோடயே போயிருந்தா அவளுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

நான் இதைச் சொன்னது முதல் தடவை அல்ல.

"அக்கா, பேச்ச நிறுத்து."

"அவளுக்கா கேக்கப் போவுது?"

நிமிர்ந்தேன். யாராவது பேசினால் மகள் உதட்டைத்தான் பார்ப்பாள். அப்போது அவள் என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கணவர் ஈரக்கையோடு உள்ளே வந்தார். "வேலை செய்யுதுப்பா" என்றாள். இரண்டு வருடத்தில் முதன்முறையாக மெதுவாக, அளவாக. தன் குரல் அவளுக்கே கேட்டது.

"என்னா கேட்டுச்சு? சொல்லும்மா, என்னா கேட்டுச்சு?"

"அம்மா பேசுனாங்க. சோறு ஆயிருச்சு, சாப்புட வான்னாங்க."

"பாத்தியா புள்ள! சிரிச்சியே!" என்று என்னைப் பார்த்துக் கத்தி, மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார். தம்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் அன்று அடுப்பே மூட்டியிருக்கவில்லை. உள்ளே போய் அரிசி களைந்தேன். பாதி தரையில் கொட்டியது. கணவர் விடவில்லை. "இங்க வந்து இன்னொரு தரம் பேசு, அவ கேக்கட்டும்" என்று கூப்பிட்டார். போனேன். மூடிக்கு முன்னால் குனிந்தேன்.

"இன்னும் சோறு ஆகல" என்றேன் கடைசியில்.

"தெரியும்மா" என்றாள்.