கடைசி டிராயரில் இருந்த சாமான்

அவள் வாய் மூடாமல் பேசுவதால் வீட்டில் வைத்த பட்டப்பெயர் ஓட்டைவாய். தன் குழாய்க்கடைக்குப் பொருத்தமான ஆள்தான் என்று அண்ணனே கேலி செய்தார். ஆனால் முழங்கால் தேய்ந்து அவரால் நிற்க முடியாமல் போனதும், கடையில் நிற்க அவளைத்தான் கூப்பிட்டார். புருஷன் செத்தபின் அண்ணன் வீட்டு அடுப்படியே கதியென்று கிடந்தவளுக்கு, அந்தக் கடைக் கவுண்டர் பெரிய விடுதலை. வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும் அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அண்ணன் டிராயர் டிராயராகத் திறந்து காட்டினார். முழங்கை மாதிரி மடங்கியிருப்பது எல்போ. மூன்று வாய் உள்ளது டீ. பெரிய குழாயோடு சின்னக் குழாயைச் சேர்ப்பது ரெடியூசர். வாஷ்பேசினுக்கு அடியில் வளைந்து, கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி, சாக்கடை நாற்றத்தை மேலே விடாமல் தடுப்பது டிராப். உள்பக்கம் மரை போட்ட குட்டை இணைப்பு சாக்கெட். கடைசி டிராயருக்கு வந்ததும் தொண்டையைச் செருமிவிட்டு, அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தாண்டிவிட்டார். அதில் துண்டு துண்டாகக் குட்டைக் குழாய்கள் கிடந்தன. வெட்டி மிஞ்சியவை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

எல்லாம் மனப்பாடம் ஆகியும் வியாபாரம் படுத்துவிட்டது. பிளம்பர்கள் வருவார்கள், அவளைப் பார்ப்பார்கள், அண்ணன் இல்லையா என்பார்கள். இல்லையென்றால் கூரையைப் பார்த்தபடி, சின்னதா, ரெண்டு பக்கமும் மரை இருக்குமே என்று இழுப்பார்கள். அவள் சாக்கெட்டை எடுத்து வைப்பாள். அப்புறம் வருகிறேன் என்று போய்விடுவார்கள். நான் பொம்பளை என்பதால் சாமான் தெரியாது என்று நினைக்கிறார்களோ என அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

ஒரு நாள் காலை தலைநரைத்த மேஸ்திரி ஒருவரும் அப்படியே மென்று விழுங்கிவிட்டு இறங்கிப் போனார். பின்னால் மறைவாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் பொறுமை இழந்தார்.

"நாளையிலருந்து நீ வீட்டப் பாத்துக்கம்மா. நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

அவள் வாசலில் போய் நின்றாள். தெருவுக்கு அந்தப் பக்கத்துக் கடையில் அதே மேஸ்திரி கணீரென்று கேட்டுக்கொண்டிருந்தார்:

"அரை இஞ்ச் நிப்பிள் ரெண்டு குடுப்பா."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மேஸ்திரி வண்டியை எடுக்க இந்தப் பக்கம் வந்ததும், கடைசி டிராயரிலிருந்து ஒரு குட்டைக் குழாயை எடுத்துப் போய் நீட்டினாள். ரெண்டு முனையிலும் வெளிப்பக்கம் மரை.

"இதுதானே நிப்பிள்? அங்க அவ்ளோ சத்தமா கேட்டீங்களே மேஸ்திரி, என்கிட்ட கேட்டா என்ன?"

மேஸ்திரி காது வரை சிவந்துபோனார். ஒரு பொம்பளைகிட்ட எப்படிம்மா கேக்கறது என்று முனகினார்.

"கொழாய்க்கு எவனோ வச்ச பேரு. அதுக்காக என் பொழப்பு போகணுமா?"

மேஸ்திரி கொஞ்ச நேரம் ஹேண்டில்பாரையே தடவிக்கொண்டிருந்தார். பிறகு, முக்கால் இஞ்சிலும் நாலு நிப்பிள் வேண்டும் என்று முழுசாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இதற்குள் அண்ணன் எழுந்து பின்பக்கம் கிடங்குக்குள் போய்விட்டிருந்தார். பிறகு அங்கிருந்து குரல் வந்தது, முக்கால் இஞ்ச் சாமான் குறைஞ்சுபோச்சு, நாளைக்கு நீதான் சொல்லி வரவழைக்கணும் என்று.

"எந்தச் சாமான்ணா?" என்றாள்.

ஒரு பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"நிப்பிள்," என்றார் அண்ணன்.