கோர்ட்டுக்கு நடந்து போன சாட்சி

யுத்த காலம். பெட்ரோலுக்குக் கூப்பன் வந்து, பிறகு கூப்பனுக்கும் பெட்ரோல் கிடைக்காமல் போன வருஷம். ராஜபாளையத்தில் எனக்குப் பருத்தி அரைத்துப் பஞ்சு பிரிக்கும் பாக்டரி ஒன்றும் ஒரு காரும் இருந்தன. கார் வாசலுக்கு வந்த அன்றே வில்வண்டியையும் மாடுகளையும் விற்றுவிட்டேன். கார் நிற்கிற வீட்டில் மாட்டுக்கு என்ன வேலை என்று அப்போது தோன்றியது.

பாக்டரியில் இன்ஜின் பார்க்கிறவன் சோழபுரத்துக்காரன். ஊரில் அவனுக்கு ஆகாத ஒருவன், தன் மாட்டை இவன் திருடிவிட்டதாகக் கேஸ் கொடுத்திருந்தான். மாடு காணாமல் போன அந்தச் சாயங்காலம் இவன் என் கண்முன்னால் இன்ஜினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். அதைச் சொல்ல உலகத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாது. விசாரணை ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில். முதல் வாய்தாவுக்கு நான் போகவில்லை. கூப்பன் தீர்ந்திருந்தது, ஏழு மைல் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போவதா என்று இருந்துவிட்டேன். அடுத்த வாய்தாவுக்கும் சாட்சி வராவிட்டால் விசாரணையை முடித்துவிடுவதாக மாஜிஸ்திரேட் சொல்லிவிட்டார். முடித்தால் அவனுக்கு ஜெயில்.

அந்த வெட்கத்தில் காரின் பின்னால் கரிவாயு அடுப்பு பொருத்தினேன். கரியை மூட்டி, அதன் புகையை வடிகட்டி, பெட்ரோலுக்குப் பதிலாக இன்ஜினுக்கு ஊட்டுகிற தகர டிரம் அது. வடிகட்டியில் தேங்காய் நார் அடைக்கச் சொல்லியிருந்தார்கள். எனக்கோ பஞ்சுக்காரன் மூளை. முதல் தரப் பஞ்சு மலையாகக் குவிந்து கிடக்கையில் நார் எதற்கு? என் கையாலேயே பஞ்சை அடைத்தேன்.

வாய்தாவுக்கு முதல் நாள் அவனும் அவன் மனைவியும் வந்து, விடியுமுன்னே நடக்கப் புறப்படுவதாகச் சொன்னார்கள்.

"காரு இருக்கும்போது எதுக்குலே நடக்கணும்? மூணு பேரும் சேந்தே போவோம்" என்றேன்.

"காலு இருக்கு மொதலாளி. அது கரி கேக்காது" என்றாள் அவள். நான் சிரித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மூவரும் ஏறினோம். மூன்று மைல் வரை கார் போயிற்று. பிறகு இருமியது, விக்கியது, நின்றது. வடிகட்டியைத் திறந்தால், என் முதல் தரப் பஞ்சு புகையின் ஈரத்தையும் கீலையும் குடித்துவிட்டுக் கறுப்புக் களியாக உட்கார்ந்திருந்தது. தோண்டினேன், துடைத்தேன், ஊதினேன். ஒரு மணி நேரம் போயிற்று. காலை ரயில் எப்போதோ போய்விட்டது. இருக்கிற ஒரே பஸ் வந்தது; படியிலும் கூரையிலும் ஆட்கள். கையைக் காட்டினேன், நிற்கவில்லை. இன்னொரு பஸ் விடச் சொல்லி ஊரார் மனு எழுதியபோது கையெழுத்துப் போடாத கார்க்காரர்களில் நானும் ஒருவன். அது அந்தப் புழுதிக்குள் நிற்கும்போது நினைவுக்கு வந்தது.

"மொதலாளி, இது இனி மூச்சு விடாது" என்றான் அவன்.

அவன் மனைவி சேலையை இழுத்துச் செருகினாள். "நான் கம்மாக்கரை வழியா முந்தி ஓடி, நீங்க வாரதச் சொல்லி வைக்கேன். ஒங்களால நடக்க ஏலுமா?"

ஏலும் என்றேன். ஏலுமா என்று எனக்கே தெரியாது.

கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து நூறு தரம் கடந்த பாதை அது. ஆனால் எங்கே நிழல், எங்கே தண்ணீர், எந்த இடத்தில் முள் என்று ஒன்றும் நான் அறியேன். இடது பக்கம் மலை என் கூடவே நடந்தது. எதிரே கோபுரம் தெரிந்தது, தெரிந்துகொண்டே இருந்தது, நெருங்குவேனா என்றது. செருப்பு கடித்தது, கழற்றிக் கையில் பிடித்தேன். விலாவில் குத்தல் எடுத்தது.

"நீ போலே. நான் பின்னாடி வாரேன்" என்றேன் அவனிடம்.

"சாட்சி இல்லாம நான் மட்டும் போயி, ஜெயிலுக்கு வழி கேக்கவா?" என்றான்.

அந்த வேதனையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் எங்கிருந்தோ மூச்சும் வந்தது. ஓடினேன். தொந்தி குலுங்க, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என் பாக்டரிக்குப் பருத்தி ஏற்றி வரும் வண்டிக்காரர்கள் எல்லாம் வாய் பிளந்து பார்க்க, ஓடினேன்.

கோர்ட்டில் நடந்ததை வக்கீல் பிறகு சொன்னார். சேவகன் இரண்டு தரம் என் பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தானாம். அந்தப் பெண் படியில் நின்று, "செத்த நேரம் பொறுங்கய்யா, மொதலாளி நடந்து வாராக" என்று மன்றாடியிருக்கிறாள்.

"யாரு, அந்தக் கார்க்காரவுகளா? அவிய மச்சு ஏறவே காரு கேப்பாகளே" என்றானாம் சேவகன். வராந்தா முழுக்கச் சிரித்திருக்கிறது. மூன்றாம் தரம் கூப்பிட அவன் வாயைத் திறந்தபோது நாங்கள் வாசலில் நின்றோம்.

கூண்டில் ஏறினேன். ஏன் தாமதம் என்று மாஜிஸ்திரேட் கேட்டார். கார் நின்றுவிட்டது, நடந்து வந்தேன் என்றேன். அவர் எட்டி என் காலைப் பார்த்தார். செம்மண்ணும் ரத்தமும் குழைந்திருந்தன. சாட்சிக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். குடித்துவிட்டு நான் பார்த்ததைச் சொன்னேன். எதிர்த் தரப்பு வக்கீல் எவ்வளவோ திருகிப் பார்த்தார், சொன்னது மாறவில்லை.

அன்று மாலையே விடுதலை. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவளோ புருஷனைப் பார்த்து, "நாளைக்கி வேலைக்கிப் போகணும், வாங்க" என்றாள். ஜட்கா பிடித்துத் தருகிறேன் என்ற வக்கீலிடம் வேண்டாமென்று சொல்லிவிட்டு, அவர்களோடு நானும் நடந்தே ஊர் திரும்பினேன். அந்த வாரம் பஸ் கேட்டு எழுதிய புது மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது.

முதல் வாய்தாவுக்கே நடந்திருக்கலாமே என்ற உறுத்தல் இன்றும் உண்டு. ஆனாலும் ஒரு மனிதனின் சுதந்திரம் என் இரண்டு கால்களை நம்பி நின்ற அன்று அவை அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தன என்பதை நினைக்கும்போதெல்லாம், இந்த வயதிலும் என் தலை தானாக நிமிர்கிறது.