மோர் விளம்பாத ஓணம்

எங்கள் வீட்டுப் பண்டிகைகள் எனக்குப் பலகாரத்தோடும் காயத்தோடும் சேர்ந்தே நினைவில் இருக்கின்றன. தீபாவளி என்றால் முந்திரிக்கொத்து. அம்மாவின் இடது புருவத்தில் மூன்று தையல். சித்திரை விஷு என்றால் பலாச்சக்கை எரிசேரி; அவளுடைய வலது மணிக்கட்டு.

வேலை நாட்களில் அப்பா அலுவலகத்தில் கட்டுச்சோறு உண்டார். விடுமுறை நாளில்தான் இலை போட்டு அமர்ந்து, ஒவ்வொரு கறியாகத் தொட்டுப் பார்த்துக் குற்றம் கண்டுபிடிக்க அவருக்கு நேரம் இருந்தது. அந்த விஷு அன்று அம்மா அவியலில் தயிர் சேர்த்துவிட்டாள். அவள் பிறந்த வீட்டில் அதுதான் வழக்கம். அப்பா வீட்டில் மாங்காய்.

“இது ஒங்க அப்பன் வீட்டு அவியலாட்டி?” என்று கேட்டபடி அவர் எழுந்து, அவள் கையைப் பிடித்துக் கதவு நிலையில் ஓங்கி மோதினார். முருங்கைக்காயை ஒடிக்கும்போது எழும் ஓசை கேட்டது. அன்றிலிருந்து நான் முருங்கைக்காயைக் கையால் ஒடிப்பதில்லை, கத்தியால் நறுக்குகிறேன். நாகர்கோவில் மருத்துவமனையில் கேட்டவர்களிடம் வழுக்கி விழுந்ததாக அம்மா சொன்னாள். மாமா வந்து எங்கள் இருவரையும் தோவாளைக்கு அருகிலுள்ள தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார்.

நான்கு மாதம் அங்கே இருந்தோம். நான் அங்கிருந்தே பேருந்தில் கல்லூரிக்குப் போய்வந்தேன். பிறகு ஆவணி பிறந்தது. ஓணத்துக்கு அப்பாவும் பெரியப்பாவும் விருந்துக்கு வருவார்கள் என்று மாமா அறிவித்தார். அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் குடும்பத்தில் சண்டைகள் பேசித் தீர்க்கப்படுவதில்லை, உண்டு தீர்க்கப்படுகின்றன. பாதிக்கப்பட்டவர் விளம்ப வேண்டும், அதாவது தம் கையால் பரிமாற வேண்டும். அடித்தவர் உண்ண வேண்டும். உப்பில் தொடங்கி மோரில் முடியும். கடைசியாக ஊற்றும் மோரைக் குவித்த கையில் வாங்கிக் குடித்துவிட்டால் பகை தீர்ந்தது. அதன்பின் அதைப் பற்றி எவரும் வாய் திறக்கக் கூடாது. மோர் குடித்து முடித்ததும் அம்மா அப்பாவின் காரில் ஏற வேண்டியிருக்கும்.

“எனக்குப் பேடியா இருக்கு அண்ணே,” என்றாள் அம்மா பயந்த குரலில்.

“ஊருல கேக்கவனுக்கெல்லாம் நான் என்ன பதில் சொல்லட்டும்? உண்டுட்டுப் போனா காரியம் முடிஞ்சுரும் பிள்ளே,” என்றார் மாமா.

அவளுடைய துணிப்பை முந்தின நாளே கதவுக்குப் பின்னால் வந்துவிட்டது. எனக்குத் தேர்வு முடியும்வரை நான் அங்கேயே தங்கலாம் என்றும் முடிவாகியிருந்தது. அவள் தனியாகப் போகவேண்டும்.

திருவோணத்தன்று கூடத்தில் மூன்று இலைகள் போடப்பட்டன. காலையில் சந்தையிலிருந்து வந்த பூக்களால் வாசலில் நான்தான் கோலம் இட்டிருந்தேன்; அப்பா அதை மிதித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார். பெரியப்பா நடுவில் அமர்ந்தார், ஒருபுறம் அப்பா, மறுபுறம் மாமா. “நாளைக்கு ஒருத்தனும் ஒண்ணும் சொல்லப்பிடாது. மோர கையில வாங்கிக் குடிச்சாத்தான் பகை தீரும், கேட்டியளா?” என்று பெரியப்பா தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்.

அம்மா விளம்பினாள். உப்பு, நார்த்தங்காய், இஞ்சிக்கறி, ஏத்தங்காய் உப்பேரி, துவரன், எரிசேரி. அவியலுக்கு வந்தபோது பெரியப்பா தம்பியின் தோளைத் தட்டினார்.

“ஏலே, மாங்காயா தயிரான்னு மொதல்லயே பாத்துக்கோ. பின்ன கதவு நிலைய மாத்தணும்.”

அப்பா சிரித்தார். மாமாவும் சிரித்தார். அவியலில் மாங்காய்தான் கிடந்தது.

பருப்பும் நெய்யும் முடிந்து சாம்பாருக்காக இரண்டாம் முறை சோறு வைக்க அம்மா குனிந்தாள். அப்பா இடது கையால் அவள் மணிக்கட்டைப் பற்றினார். “போதும், போதும். கை நல்லா கூடிட்டா? பாக்கட்டா?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி அன்பாக விசாரித்தார். விசாரித்துக்கொண்டே, எலும்பு சேர்ந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து, கையைப் பின்புறமாக வளைத்தார். கரண்டி இலையில் விழுந்தது. அம்மாவின் உதடுகள் வெளுத்தன. மாமா தம் இலையிலிருந்த பப்படத்தை மிகக் கவனமாக நொறுக்கிக்கொண்டிருந்தார்.

அடுத்தது பிரதமன், ஓணத்துப் பாயசம். அம்மாவால் கனமான வாளியைத் தூக்க முடியாது என்பதால் அதை விளம்பும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டிருந்தது. மாமி அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்குவதற்குள் வாளியில் ஊற்றிக் கொடுத்தாள். சர்க்கரைப்பாகும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து கெட்டியானது அது. தோலில் பட்டால் வழிந்து போகாது, ஒட்டிக்கொள்ளும். எனக்கு அது தெரியும்.

அப்பாவின் இலையில் ஒரு கரண்டி ஊற்றினேன். அவர் போதும் என்று வலது கையை விரித்து இலையை மறைத்தார். நான் நிறுத்தவில்லை. அடுத்த கரண்டி அவருடைய புறங்கையில் விழுந்தது.

கை மறித்தவரை விடாமல் ஊற்றிக் கேலி செய்வது எங்கள் பந்திகளில் வழக்கம். ஆகவே பெரியப்பா உரக்கச் சிரித்தார். “ஊத்து மக்கா, ஊத்து! ஒங்க அப்பன் சும்மா மறிக்கான்.”

அப்பா மூச்சை இழுத்தபடி கையை உதறத் தூக்கினார்; அதன் மேலேயே நான் மறுபடியும் ஊற்றினேன்.

அப்பாவிடமிருந்து வந்த ஒலி மனிதக் குரலாகத் தோன்றவில்லை. “சவமே!” என்று கத்தியபடி இடது கையால் என் காதோடு சேர்த்து அறைந்தார். இலைகளின் மேல் விழுந்தேன். விலாவில் ஒரு முறை, தொடையில் ஒரு முறை உதைத்தார். மாமா பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுக்க, அப்பா தண்ணீர்ச் செம்பை எடுத்து அவர் நெற்றியில் அடித்தார். புளிசேரி வைத்திருந்த பாத்திரத்தில் மாமாவின் இரத்தம் மூன்று சொட்டுகளாக விழுந்து மிதந்தது. வாளி கவிழ்ந்து பிரதமன் கூடமெங்கும் மெல்லப் பரவியது. மாமாவும் அப்பாவும் அதில் வழுக்கி, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து, சோறு அப்பிய கைகளால் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பெரியப்பா கால்களால் இருவரையும் பிரித்தார்.

பிறகு மாமி அப்பாவின் கையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். தோல் கொப்பளித்து எழுந்திருந்தது, விரல்கள் மடங்கவில்லை.

“சரி. கழிஞ்சது கழிஞ்சு,” என்றார் பெரியப்பா. “பிள்ளே, மோரக் கொண்டு வா. குடிச்சுட்டு எறங்குவோம். பைய எடுத்து வண்டியில வை.”

அம்மா மோர்ப் பாத்திரத்தை இடது கையில் எடுத்துக்கொண்டு வந்து அப்பாவின் முன்னே நின்றாள்.

“கைய நீட்டுங்க.”

அவர் வலது கையைக் குவிக்க முயன்றார். விரல்கள் குவியவில்லை.

“தம்ளர்ல குடு பிள்ளே,” என்றார் பெரியப்பா.

“அது எப்பிடி அத்தான்? கையில வாங்கிக் குடிச்சாத்தான் பகை தீரும்னு இப்பதானே சொன்னிய.”

“அவன் கையப் பாத்தியா நீ?”

“பாத்தேன். ஆறட்டும். எனக்கும் நாலு மாசம் ஆச்சு.”

அவள் பாத்திரத்தைத் திருப்பி அடுக்களைக்குக் கொண்டுபோனாள். கார் கிளம்பியபோது துணிப்பை கதவுக்குப் பின்னாலேயே இருந்தது. மாமா நெற்றியில் துணியை அழுத்திக்கொண்டு, அதைத் தாமே எடுத்து உள்ளறையில் வைத்தார்.

இப்போது நானும் அம்மாவும் நாகர்கோவிலில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். அப்பாவின் கை ஆறிவிட்டது என்று பெரியப்பா இருமுறை சொல்லியனுப்பினார். “மோரு புளிச்சுப் போச்சுன்னு சொல்லு,” என்று அம்மா பதில் அனுப்பினாள்.

உறவினர்கள் எனக்கு அப்பாவின் கை என்கிறார்கள். மறுக்க என்னிடம் சான்று இல்லை. அந்த இரண்டு கரண்டிகளுக்கும் இடையே, நிறுத்துவதற்குப் போதுமான நேரம் இருந்தது. அந்த இடைவெளியில் எனக்கு இருந்தது அச்சமல்ல, மகிழ்ச்சி. அம்மாவுக்காகத்தான் செய்தேன் என்று எழுதினால் அது பாதி உண்மையாகத்தான் இருக்கும். அவள் இன்றுவரை என்னைப் பாராட்டியதில்லை, கண்டித்ததும் இல்லை.

இந்த ஓணத்துக்கு அவள் அவியலில் தயிர் சேர்த்தாள். தேங்காய்ப்பால் பிழிய அவள் மணிக்கட்டு இன்னும் ஒத்துழைக்காததால் நான் பிழிந்தேன். எதிரெதிரே இரண்டு இலைகள். நான் பிரதமன் ஊற்றும்போது, முதல் கரண்டிக்குப் பிறகு, அம்மா வலது கையை விரித்து இலையை மறித்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிறுத்தினேன். கரண்டியின் நுனியிலிருந்து ஒரு சொட்டு அவள் கையில் விழுந்தது. பிரதமனை ஒரு மணி நேரம் முன்பே இறக்கி ஆற வைத்திருந்தேன்.