மூன்று கூட்டம் வராதவர்கள்

அந்த விதியை எழுதியவள் நான்தான். பழியை வேறு யார் தலையிலும் கட்ட எனக்கு விருப்பமில்லை. 'தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராத சங்கம் ஒன்றியத்திலிருந்து நீங்கியதாகக் கொள்ளப்படும்.' எங்கள் அமைப்பு யாப்பில் ஏழாவது விதி. எழுதி முடித்த அன்று என் முதுகை நானே தட்டிக்கொடுக்கலாம்போல இருந்தது.

மன்னார்த் தீவிலும் எதிரே பெருநிலத்திலுமாகப் பதினொரு சின்னச் சங்கங்கள் சேர்ந்த ஒன்றியம் எங்களுடையது. எல்லாம் இல்லாதவர்களுக்குக் கொடுக்கவென்று தொடங்கிய சங்கங்கள். கோயில் இரக்கசபை தன் ஆட்களுக்குக் கொடுக்கும், எருக்கலம்பிட்டி ஸகாத் குழு தன் ஆட்களுக்குக் கொடுக்கும், அடம்பன் கமக்காரப் பெண்கள் தங்கள் ஊருக்குள் கொடுப்பார்கள். ஒருவர் கொடுப்பது மற்றவருக்குத் தெரியாது. எல்லோரையும் ஒரு மேசையில் இருத்தி, வருடத்துக்கு ஒரு வேலையையாவது சேர்ந்து உருப்படியாகச் செய்வோம் என்று ஓடித் திரிந்ததில் எனக்குப் பெரும் பங்கு உண்டு. அதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்?

நான் செயலாளர். அரசாங்கக் கந்தோரில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். பத்து மணி என்றால் எனக்குப் பத்து மணிதான். எங்கள் ஆட்களுக்கோ பத்து மணிக் கூட்டம் பதினொன்றரைக்கு. வருவார்கள், ரோல்ஸைச் சாப்பிடுவார்கள், 'பஸ்ஸுக்கு நேரமாச்சு' என்று எழும்புவார்கள். ஏழாவது விதி வந்து, பத்து மணி தாண்டியதும் நான் கதவைச் சாத்தியபிறகு எல்லோரும் ஒழுங்காக வரத் தொடங்கினார்கள், ஒரு சங்கத்தைத் தவிர.

அது கரைப் பெண்கள் சங்கம். தீவின் வடக்குக் கரையில் வலையிலிருந்து நண்டு கழற்றும் பெண்களுடையது. அந்த வருடம் பொது நிதிக்கு இரண்டு கோரிக்கைகள் வந்திருந்தன; காசு ஒன்றுக்குத்தான் போதும். அடம்பன் பெண்கள் தோட்டத்துக்கு ஒரு தண்ணீர்ப் பம்பு கேட்டிருந்தார்கள். கரைப் பெண்கள், தாங்கள் வேலை செய்யும் நேரம் பிள்ளைகளை விட்டுப் பார்க்க ஒரு கொட்டிலும் ஒரு ஆளும் வேண்டுமென்று கொப்பித் தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். கோரிக்கையைக் கொடுத்துவிட்டு இரண்டு கூட்டத்துக்கு ஆளில்லை. அவர்களுடைய தலைவிக்கு நான்தான் போன் எடுத்தேன்.

"ஓம் மிஸ், வாறம் மிஸ்."

வரவில்லை. மூன்றாவது கூட்டத்துக்கும் வரவில்லை. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "கேக்க மட்டும் தெரியும், வரத் தெரியாது" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். அன்றைக்கே நீக்கல் கடிதத்தை எழுதினேன். சங்கம் போனால் கோரிக்கையும் போகும், அதுவும் எனக்குத் தெரியும். தபாலில் போட்டிருக்கலாம். நேரில் கொடுத்து நாலு வார்த்தை நன்றாகக் கேட்க வேண்டுமென்று மறுநாள் காலை ஓட்டோ பிடித்துப் போனேன்.

நான் போய் இறங்கியபோது பத்து மணி. வள்ளங்கள் கரையில் நின்றன. வலையைச் சுற்றி இருபது பெண்கள் குந்தியிருந்தார்கள். ஒருவரும் தலை நிமிரவில்லை. வலைக்குள் சிக்கிய நண்டைக் கால் முறியாமல் உயிரோடு கழற்ற வேண்டும்; பன்னிரண்டு மணிக்குக் கொம்பனி லொறி வரும், செத்த நண்டையும் கால் முறிந்த நண்டையும் எடுக்காது. தலைவிக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பக்கத்தில் நீல மீன்பெட்டி ஒன்று, அதற்குள் அவளுடைய இரண்டு வயதுப் பிள்ளை நின்றுகொண்டிருந்தது. பத்தடி தள்ளி, லொறி எடுக்காத நண்டை அவிக்கும் கிடாரம் கொதித்தது.

"வாங்கோ மிஸ். கொஞ்சம் பொறுங்கோ, கையை எடுக்கேலாது."

பொறுத்தேன். பிள்ளை பெட்டியின் விளிம்பில் ஒரு காலைத் தூக்கிப் போட்டது. தாய் வலையை விடாமல் காலாலேயே பெட்டியை இழுத்தாள். திரும்பவும் ஏறியது, திரும்பவும் இழுத்தாள். மூன்றாம் முறை பிள்ளை வெளியே வந்து நேரே கிடாரப் பக்கம் நடந்தது. ஐயோ என்று கத்திக்கொண்டு நான் ஓடிப்போய்த் தூக்கினேன். அதற்குப் பிறகு இரண்டு மணித்தியாலம் அந்தப் பிள்ளை என் இடுப்பை விட்டு இறங்கவில்லை. என் சேலையெல்லாம் மூத்திரம்.

தூக்கிக்கொண்டு நடந்தபோதுதான் அந்தக் கூடையைக் கண்டேன். எழும்பிப் போகும் ஒவ்வொருத்தியும் தன் பங்கிலிருந்து ஒரு நல்ல நண்டை அதில் போட்டாள். அது யாருக்கு என்று கேட்டேன். நோயோ சாவோ வந்த வீட்டுக்கு என்றார்கள். அன்றைக்கு முறை, புருசன் ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஒருத்திக்கு. கடலுக்குப் போகிற ஒரு நாளும் அந்தக் கூடை வெறுமையாகப் போனதில்லையாம். எனக்குச் சுருக்கென்றது. பதினொரு சங்கத்திலும் நாள் தவறாமல் கொடுப்பது இந்தச் சங்கம் ஒன்றுதான். நான் அவர்களை வாங்குகிறவர்கள் பட்டியலில் வைத்திருந்தேன்.

லொறி போனபிறகு தலைவி கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். "என்ன அலுவலா வந்தனீங்கள்?"

மறைக்க நினைத்தேன். ஆனால் கடித முனை பைக்கு வெளியே தெரிந்தது. கொடுத்தேன். நின்றபடியே முழுவதையும் வாசித்தாள்.

"நீங்களோ எழுதினது? கையெழுத்து வடிவாக் கிடக்கு" என்றாள். குத்திச் சொன்னாளா, உண்மையாகச் சொன்னாளா, எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"பத்து மணிக்கு வரேலாது எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நேரத்தை மாத்துங்கோ எண்டு உங்களிட்டை ஆர் மிஸ் கேக்கிறது? பெரிய ஆக்கள் எல்லாரும் வாற நேரம் அது."

வெட்கத்தில் என் முகம் எரிந்தது. கடிதத்தைத் திருப்பி வாங்கி அங்கேயே கிழித்தேன்.

அடுத்த கிழமையே அவசரக் கூட்டம் கூட்டினேன். இரக்கசபைத் தலைவர் விடவில்லை. "சட்டம் எண்டால் சட்டம். நீங்கள் எழுதினதுதானே மிஸ்?" என்றார். "ஓம், நான்தான் எழுதினனான், பிழையா எழுதிப்போட்டன்" என்றேன். கூட்டத்தில் நான் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. பிறகு எருக்கலம்பிட்டி ஹாஜியார் வாயைத் திறந்தார். "வெள்ளிக்கிழமை வைக்காதீங்க எண்டு நான் ஒருக்காச் சொன்னேன், மாத்தினீங்க. எனக்கு வாயிருந்திச்சு, சொன்னேன். அந்தக் கரைப் பிள்ளையளுக்காக ஆர் கேட்டது?" அதோடு இரக்கசபைத் தலைவரும் அடங்கினார். அடுத்த கூட்டம் கரையில், லொறி போனபிறகு, இரண்டு மணிக்கு என்று முடிவானது.

அன்றைக்கு எல்லோரும் கரைக்கு வந்தார்கள். கதிரை போதவில்லை, ஹாஜியார் கவிழ்த்து வைத்த மீன்பெட்டியில் இருந்தார். இரண்டு மணிக்கு, வந்தவர்களைக் குறிக்கும் வரவு இடாப்பைத் திறந்தேன். அடம்பன் பெண்களைத் தவிர மற்றப் பத்துச் சங்கமும் வந்திருந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் பஸ் பழுதாகி நிற்கிறதாம். பம்பா கொட்டிலா என்று, சங்கத்துக்கு ஒரு கையாக, அன்றைக்குத்தான் தூக்க வேண்டும்.

"தொடங்குவம், வெயில் சுடுது" என்றார் இரக்கசபைத் தலைவர்.

"அவையள் வரட்டும்" என்றாள் கரைத் தலைவி.

நான் அவளை ஒரு பக்கமாக இழுத்தேன். "உனக்கென்ன விசரோ? அவையள் வந்தால் உனக்கு எதிராத்தான் கை தூக்குவினம்."

"தூக்கட்டும் அக்கா. வந்து தூக்கட்டும்." இடாப்பை எட்டிப் பார்த்தாள். "அவையளுக்கு வரவு போடுங்கோ. பஸ்ஸிலைதானே நிக்கினம்."

பத்து மணி ஒரு நிமிடத்துக்குக் கதவைச் சாத்திய நான், வராத சங்கத்துக்கு வரவு போட்டேன். முக்கால் மணித்தியாலம் காத்திருந்தோம். அடம்பன் பெண்கள் வேர்த்து விறுவிறுத்து வந்தார்கள், தேநீர் குடித்தார்கள், எதிர்த்தே கை தூக்கினார்கள். ஆறுக்கு ஐந்து. கொட்டில் ஒரு கையால் வென்றது. நான் வாய்விட்டு அழுதேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்?

ஏழாவது விதியை மாற்றினோம். இரண்டு கூட்டம் ஒரு சங்கம் வராவிட்டால், செயலாளர் அவர்களின் வேலையிடத்தில் ஒரு முழுக்காலை போய் இருந்துவிட்டு வர வேண்டும், பிறகுதான் கடிதம். இன்றுவரை எனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டி வரவில்லை. கூட்டங்கள் ஊர் ஊராக நடக்கின்றன, ஒன்றியத்தில் சங்கங்களின் தொகையும் கூடியிருக்கிறது.

அடுத்த வருடம் பம்புக் கோரிக்கை திரும்பவும் வந்தது. கூட்டம் அடம்பனில், மூன்றரை மணிக்கு. கரைத் தலைவி இரண்டு பஸ் மாறிப் பிந்தித்தான் வந்தாள். வழக்கமாகப் பிள்ளை தொங்கும் இடுப்பு வெறுமையாக இருந்தது.

"எங்கை பிள்ளை?"

"கொட்டிலிலை அக்கா. வரமாட்டன் எண்டிட்டாள்."

கதிரையில் இருப்பதற்கு முன்னமே, நின்றபடியே, பம்புக்குக் கை தூக்கினாள். பிறகு வரவு வைக்க இடாப்பை வாங்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். மூன்றரைக்கே நான் அவளுக்கு வரவு போட்டிருந்தேன்.