வாங்கி வராத குளிர்கோட்டு

ஏ.சி. ஃபில்டரைக் குளியலறையில் கழுவுவதற்கு முன் தேவசுந்தரம் அதைப் பால்கனிக் கம்பியில் ஓங்கித் தட்டுவார். தட்டினால்தான் மண் போகும் என்பது அவர் கட்சி. போகிற மண் நேராகக் கீழ்வீட்டுக் கௌஸ் முகைதீனின் கொடியில் போய் இறங்கும்.

"அண்ணே, தொழுவப் போற சட்டைண்ணே! பாலைவனத்த மொத்தமா எந் தலையிலதான் கொட்டணுமா?"

"ஒதறிப் போட்டுக்கிட்டுப் போவும் வே. வந்த மண்ணுதான, திரும்பிப் போவுது" என்று பதில் போகும். ஷார்ஜாவில் அந்தக் கட்டடத்தின் வெள்ளிக்கிழமைகள் இப்படித்தான் விடியும்.

அந்த வெள்ளிக்கிழமை மட்டும் அவர் கம்பிக்கு மேல் எட்டிப் பார்த்து, "மன்னிச்சிரும் வே, தெரியாம தட்டிட்டேன்" என்றார். கௌஸ் முகைதீனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உடம்புக்கு ஏதும் முடியலையாண்ணே?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

பக்கத்தில் வாளியோடு நின்ற மகள் ஜெஸிக்குக் காரணம் தெரியும். உடம்புக்கு ஒன்றுமில்லை. குளிர்காலம் தொட்டே அவர் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். லிஃப்டில் தன் காலை மிதித்தவனிடம்கூட அவர்தான் கேட்டார்.

வேட்டைச் சாமான் விற்கும் கடை ஒன்றின் பின்கட்டில் அவருக்கு வேலை. துப்பாக்கியின் இரும்பை ஏந்தி நிற்கும் மரக்கட்டையை, வாங்குகிறவரின் தோளுக்கும் கைக்கும் தக்கபடி இழைத்துக் கொடுப்பது. குளச்சலில் வள்ளத்துக்குப் பலகை இழைத்த கைதான். ஊரில் கேட்டால், "மரச்சாமான் கடையில நிக்கேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். பொய்யில்லை, வேதக்கோயில் கமிட்டியில் துப்பாக்கி என்று சொல்ல வாய் வராது.

துப்பாக்கிச் சத்தம் அவருக்கு ஆகாது. சுட்டுப் பார்க்கும் இடத்துக்குக் கூட்டிப்போனால், காதை மூடும் கருவியை மாட்டி, அதன் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பார். யாராவது மான் கறி கொடுத்தனுப்பினால் அது அப்படியே கௌஸ் முகைதீன் வீட்டுக்கு இறங்கிவிடும். கடலில் நீந்தாத எதையும் அவர் தின்று ஜெஸி பார்த்ததில்லை.

கழுத்தில் எப்போதும் தையற்காரர்களைப் போல ஒரு டேப் தொங்கும். சாப்பிடும்போதும் தொங்கும், பஸ்ஸிலும் தொங்கும். கோயில் வாசலில் மட்டும் கழற்றுவார். ஆட்களை அவர் அடையாளம் சொல்வதும் அளவை வைத்துத்தான். "அந்த நீளக் கைக்காரன் வந்திருந்தான் கேட்டியா" என்பார். பெயர் அப்புறம்தான் ஞாபகம் வரும்.

நீளக் கைக்காரர்களில் அவருக்கு ஆகப் பிடித்தவர் அபு ஸயீத். கடையின் பழைய வாடிக்கைக்காரர். இவர் முதலாளி என்ற பொருளில் 'அர்பாப்' என்பார், அவர் 'சுந்தர்' என்பார். ஹிந்தி பாதி, அரபி பாதி, மிச்சம் கை என்று பேச்சு ஓடும். இரண்டாயிரத்து எட்டு ஆகஸ்டில் அர்பாப் ஒரு புதுத் துப்பாக்கியோடு வந்தார். குளிர்காலத்தில் கிர்கிஸ்தான் மலையில் காட்டாட்டு வேட்டை. இரும்பு இருக்கிறது, அதைத் தாங்குவது மரமா, அலுமினியத்தில் கடைந்தெடுத்த சேஸிஸா என்பதுதான் கேள்வி. அப்பாவை அழைத்துப்போகக் காரில் வந்திருந்த ஜெஸியும் பேச்சில் மாட்டிக்கொண்டாள். அவள் ஒரு கண்ணாடி முகப்புக் கம்பெனியில் வடிவமைப்பு இன்ஜினியர். அலுமினியம் அவளுக்குச் சோறு.

சேஸிஸ்தான் என்றாள் ஜெஸி. ஷார்ஜா ஈரத்தில் ஊறிய மரம் மலையின் வறட்சியில் முறுக்கிக்கொள்ளும். இரும்பு உட்காரும் இடம் மயிரிழை மாறினாலும் குறி மாறும். அலுமினியத்துக்கு அந்த வம்பில்லை. பின்பக்கம் ஒரு திருகு இருக்கிறது. நீளம் வேண்டுமானால் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

"லாரிக்கில்லா மக்ளே சேஸிஸு" என்றார் தேவசுந்தரம். "பனியில அலுமினியத்துல கன்னத்த வச்சா தோலு ஒட்டிக்கிடாதா? மரத்துக்குச் சூடும் இல்ல, குளிரும் இல்ல. முறுக்காம இருக்க நா எண்ண குடுப்பேன்."

"எண்ண குடுத்து எத்தன நாளைக்குப்பா?"

"வள்ளம் கடல்லதான கெடக்கு, முறுக்கிட்டா போவுது?"

அர்பாப் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். பிறகு தேவசுந்தரத்தின் தோளில் கை வைத்து, "நீ சொல் சுந்தர். நீ சொன்னால் கலாஸ், பேச்சு முடிந்தது" என்றார். யாரும் அவரிடம் அப்படித் தீர்ப்புக் கேட்டதில்லை. காதுமடல் சிவக்க, "கஷப்" என்றார். மரம்.

அன்றே அளவெடுத்தார். அர்பாபை முழங்கை மடக்கச் சொல்லி, மடிப்பிலிருந்து விசையைத் தொடும் விரல்வரை டேப்பை ஓட்டினார். வெளியே தார் இளகும் வெயில். அர்பாப் மெல்லிய வெள்ளைக் கந்தூரா அங்கியில் நின்றார். வால்நட் கட்டையை இழைத்து, எண்ணெய் ஊட்டி, அது ஆறும்வரை காத்திருந்து, மறுபடி ஊட்டி, கட்டை குழந்தையின் முழங்கால் மாதிரி வழவழத்தது. ஜெஸியும் சும்மா இருக்கவில்லை. மரத்தின் ஈரம், மலையின் குளிர், இரும்பின் சுருக்கம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பார்த்து, சரிதான் என்று ஒப்புக்கொண்டாள். அவள் கணக்கில் பனி இருந்தது. பனியில் நிற்கிற மனிதன் என்ன போட்டிருப்பான் என்பது இல்லை. குளச்சலில் பிறந்தவருக்கும் ஷார்ஜாவில் வளர்ந்தவளுக்கும் குளிருக்குத் தெரிந்த உடை ஒரு ஸ்வெட்டர்.

மலையில் அர்பாப் போட்டிருந்தது தலையணை கனத்துக்குப் பஞ்சு வைத்த கோட்டு. கந்தூராவில் அளந்த கட்டை அதற்கு நீளம். துப்பாக்கியைத் தூக்கும்போதெல்லாம் கட்டையின் பின்நுனி அக்குளில் சிக்கியது. ஆடு எதிரே வந்து நின்றபோதும் சிக்கியது. அவசரத்தில் சுட்டது காலில் பட்டது. அடிபட்ட விலங்கு நொண்டிக்கொண்டே முகட்டைத் தாண்டிப் போய்விட்டது. இருட்டும்வரை தேடியும் கிடைக்கவில்லை.

திரும்பி வந்து அர்பாப் இதைச் சொன்னபோது குரலை உயர்த்தவில்லை. "மாஃபி முஷ்கில், சுந்தர். பரவாயில்லை. கட்டையைக் குறைத்துவிடு. கோட்டு வீட்டில் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துப் போ. அடுத்த குளிருக்கும் இதே துப்பாக்கிதான்." தோளில் கையும் வைத்தார். திட்டியிருந்தால் தேவசுந்தரம் வீட்டுக்கு வந்து நாலு நாள் திட்டினவரைத் திட்டித் தீர்த்திருப்பார்.

வழி அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. நுனியை அறுத்து, கழற்றி மாட்டும்படி ஒரு துண்டு செய்வது. வெயிலில் மாட்டிக்கொள்ளலாம், குளிரில் கழற்றிவிடலாம். எவ்வளவு அறுப்பது என்று தெரிய அந்தக் கோட்டு வேண்டும். அறுத்த மரம் வளராது. குத்துமதிப்பாக வாளை வைக்க முடியாது. நாளைக்குப் போறேன் என்றார். நாளைக்கும் நாளைக்குப் போறேன் என்றார். கிறிஸ்துமஸ் போனது. உலகப் பணநெருக்கடியில் நகரமெங்கும் கிரேன்கள் பாதிக் கட்டடங்களின் மேல் அசையாமல் நின்றன. ஜெஸியைக் கம்பெனி சம்பளமில்லாத லீவில் வீட்டுக்கு அனுப்பியது. ஈஸ்டரும் போனது. துப்பாக்கி கடையின் இரும்பு அலமாரியில் அப்படியே இருந்தது.

ஃபில்டரின் மேல் தண்ணீரை ஓடவிட்டுக்கொண்டே அந்த வெள்ளிக்கிழமை அவர் சொன்னார்:

"நீ சொன்னதுதான் சரி மக்ளே. திருகுன்னா ஒரு சுத்து சுத்தியிருப்பாவ. வாய்விட்டு ஒருக்கா சொல்லேன். கேட்டுக்கிடுதேன்."

"நானும் கோட்ட யோசிக்கலையேப்பா."

"நீயா அளந்த? நாந்தான அளந்தேன்." பிரஷ்ஷால் ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "ஒரு சீவன் நொண்டிக்கிட்டே போயிருக்கு. எங்க கெடந்து செத்துச்சோ."

"கார்ல கொண்டு விடுறேன். இப்பவே போலாம்."

"நீ வராண்டாம். நாளைக்கு நானே போறேன்."

ஃபில்டரை அவள் பிடித்துக்கொள்ள, அவர் ஸ்டூலில் ஏறி மாட்டினார். ஏ.சி. இரைச்சல் குறைந்து ஓடியது. அப்பாவும் மகளுமாகச் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான்.

மறுநாள் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சரிந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் பையில் சட்டையையும் செருப்பையும் கொடுத்தார்கள். சட்டைப் பையின் பொத்தான் பூட்டியிருந்தது. உள்ளே டேப், இறுக்கமான சுருளாக. சனிக்கிழமை எந்தக் கோயிலுக்குப் போனார் என்று அம்மா சுகிர்தராணி கேட்டாள்.

ஊரில் அடக்கம் முடித்துத் திரும்பிய பின் ஜெஸி அர்பாபின் வீட்டுக்கு வண்டியை ஓட்டினாள். வாசல் அறையில் இருந்தவர் டிரைவர் சுஐபு, அதிராம்பட்டினத்துக்காரர். யார் மகள் என்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். அவருடைய கட்டிலுக்கு மேலே ஆணியில் கோட்டு தொங்கியது. கனத்த, சாம்பல் நிறக் கோட்டு.

"குளிரு முடியங்காட்டியுமே குடுத்துட்டாருமா. சுந்தர் வந்தா கையில குடு, உள்ளகூட வர வேணாம்னு. மணிய அமுக்குனா போதும், நானே எடுத்துட்டு வந்திருப்பேன்."

"அப்பா வரவே இல்லையா அண்ணே?"

"வராம என்ன, பல தடவ வந்தாரே. அந்தா, எதிர மரம் இருக்குல்ல, அதுக்கடியில நிப்பாரு. நான் கூப்புடுறதுக்குள்ள போயிருவாரு. கடைசியா அந்தச் சனிக்கிழம காலையிலதான் ரோட்டத் தாண்டி வாசக் கேட்டுகிட்டயே வந்தாரு. நான் கேமராவுல பாத்துக்கிட்டே இருக்கேன், சரி இன்னைக்கு அமுக்கிருவாருன்னு கோட்டக் கையில எடுத்துட்டேன்."

"அப்புறம்?"

சுஐபு வெளியே போய்க் கேட்டின் முன் நின்று செய்து காட்டினார். விரல் மணிப் பொத்தான்வரை போனது. தொடாமல் நின்றது. பிறகு அந்தக் கை கழுத்துக்கு ஏறி, அங்கே தொங்காத டேப்பை மெல்ல உருவி, சுருட்டி, சட்டைப் பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டியது.